பொத்தேரி மண்ணும் கோவளத்து உப்புநீரும்

பொத்தேரியில் நான் குடிவந்த வருஷம், வீட்டுக்குப் பின்னால் ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடந்த காலி மனையில், முருங்கை மரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே, மூங்கில் கழியொன்றைத் துணையாகக் கொண்டு பத்து மீட்டர் உயரத்துக்குச் செம்புக் கம்பியை நிமிர்த்தி நிறுத்தி, அதன் அடியில் ஆறடிக் கம்பியொன்றை மண்ணில் அறைந்து, இனி 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரவுதோறும் தூரதேசங்களோடு பேசலாம் என்ற பெரும் நம்பிக்கையுடன் வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். நான் கேட்டவர்கள் பலர். என்னைக் கேட்டவர்கள் மிகச் சிலர். வீட்டு மின்சார வேலைக்கு வந்திருந்த எலெக்ட்ரீஷியன் ஏரியலைச் சுற்றி வந்து பார்த்தார், விஷயத்தை விசாரித்தார், தம் தொழிலறிவுக்கு ஏற்றபடி உண்மையான அக்கறையோடு ஒரு வழி சொன்னார்.

"எர்த் சரியில்ல சார். ஆறடி குழி எடுத்து, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, ஜி.ஐ. பைப்ப எறக்கிடலாம். வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்துனாப் போதும். அப்புறம் பாருங்க."

அவரைத் தவறென்று சொல்லமாட்டேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் இடி மின்னலுக்கும் அவர் சொன்ன குழி அவசியமானது. பிற்பாடு அதை அவரைக் கொண்டே எடுத்தும் கொண்டேன். எனக்கும் அவருடைய யோசனை அந்நியமாகப் படவில்லை. சிறு வயதில் பாட்டனார் வீட்டிலிருந்த வால்வு ரேடியோவுக்குப் பின்னால் ஏரியலுக்கு ஒரு துளை, எர்த்துக்கு ஒரு துளை என இரண்டு இருக்கும். எர்த் கம்பி ஜன்னல் வழியாக இறங்கிக் கிணற்றடி ஈரத்தில் புதைந்திருக்கும். கோடை நாளில் இலங்கை வானொலி மங்கினால் அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும்படி எங்களை அனுப்புவார்கள். பூமியோடு சம்பந்தம் என்றால் ஆழமும் ஈரமும்தான் என்ற எண்ணம் இவ்விதமாக என் மனத்தில் அந்தக் கிணற்றடியிலேயே வேரூன்றியிருந்தது. கேட்பதற்கு மட்டும் அது போதும். அனுப்புகிற ஏரியலின் காரியம் வேறு.

நம்முடைய செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஆகையால் ஏரியைக் கொண்டே இதைச் சொல்வது எனக்கு இயல்பாக இருக்கிறது. இருபுறமும் சமமாகக் கை விரித்து நிற்கும் டைபோல் ஏரியலைப் போலன்றி, செங்குத்து ஏரியல் ஒற்றைக் கை உடையது. அதன் மற்றொரு கை பூமிதான். கம்பியில் மேலேறும் மின்சாரம் அங்கேயே முடிந்துபோவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத மின்புலமாக ஆகாசத்தில் வளைந்து, ஏரியலைச் சுற்றியுள்ள நிலத்தின்மேல் நாலா பக்கமும் மழையைப் போல இறங்கி, அங்கிருந்து அடிக்கம்பத்தை நோக்கித் திரும்பி வந்தால்தான் சுற்று பூர்த்தியாகும். நீர்ப்பிடிப்புப் பிரதேசம் முழுவதும் பெய்த மழை ஏரிக்கு வந்து சேர வேண்டுமானால் வரத்துக்கால்கள் வேண்டும். அவை தூர்ந்து கிடந்தால் பெய்த நீரில் பெரும்பகுதி வழியிலேயே மண்ணில் சுவறிப்போகும். அப்போது மதகின் அருகே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் ஏரி நிரம்பாது. என் ஆறடிக் கம்பி மதகருகே தோண்டிய குழி. வரத்துக்கால் ஒன்றுகூட இல்லை.

உயர் அதிர்வெண் மின்சாரம் மண்ணில் ஆழமாக இறங்குவதுமில்லை. 7 மெகாஹெர்ட்ஸில், நடுத்தரமான மண்ணில், அது சில மீட்டருக்குள்ளேயே தேய்ந்துவிடுகிறது. பரந்த வட்டத்தில் மேற்பரப்பை ஒட்டித்தான் ஓடுகிறது. அப்படி ஓடும்போது மண்ணின் தடை அதை உஷ்ணமாக்கிவிடுகிறது. அந்த உஷ்ணத்தைக் கையால் உணர முடியாது. ஆனால் பெட்டியிலிருந்து நான் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு முருங்கையடி மண்ணைச் சூடேற்றுவதிலேயே தினமும் செலவாகிக்கொண்டிருந்தது.

எவ்வளவு பங்கு என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள செங்குத்து ஏரியல், பூரணமான தளத்தின்மேல் நின்றால், அடியில் சுமார் 36 ஓம் தடையைக் காட்டும். அது விரயமல்ல, சக்தி அலையாக வெளியேறுவதன் அடையாளம். நிஜமான மண்ணில் அதோடு பூமியின் தடையும் சேரும். ஏரியலின் அடியில் உள்ள தடையை அளக்கும் என் கருவியில் முதல் நாள் வந்த அளவு 82 ஓம். 36 போக மீதி 46 ஓம் பூமிக்கு உரியது. நான் செலுத்திய 50 வாட்டில் ஏறக்குறைய 22 வாட் அலையாயிற்று. 28 வாட் மண்ணுக்குப் போயிற்று. இந்தக் கணக்கு நிறுத்துப் பார்த்த துல்லியம் உடையதன்று. மண்ணின் இயல்பால் அந்த 36 என்னும் எண்ணே சற்று அசையும், உண்மையான நஷ்டம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஆயினும் செல்ல வேண்டிய திசையைக் காட்ட இது போதும்.

இங்கேதான் நான் ஒரு வருஷத்தை இழந்தேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதிதாக இத்துறைக்கு வரும் இளைஞர்கள் பலரும் இதே இடத்தில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். முதல் ஏமாற்றத்துக்குப் பிறகு, நாலு திசையிலும் பத்து மீட்டர் நீளத்தில் நாலு கம்பிகளைத் தரையில் விரித்தேன். நீளம் போதாத பக்கங்களில் மதிலோரமாக வளைத்துவிட்டேன். ஏரியலின் அடித்தடை 52 ஓமுக்கு இறங்கிற்று. பெட்டியிலிருந்து ஏரியலுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளோ 50 ஓம். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகவே, பூரணப் பொருத்தத்தை ஒன்று என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நின்றது. ஏரியல் சாஸ்திரத்தில் சித்தியடைந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, அதற்குமேல் ஒரு கம்பியும் சேர்க்காமல் இருந்துவிட்டேன். அந்த மீட்டர் எனக்குச் சொன்னது, கேபிள் கொடுத்ததை ஏரியல் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது என்ற செய்தி மட்டுமே. வாங்கிக்கொண்டதை என்ன செய்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 50 ஓம் மதிப்புள்ள வெறும் மின்தடையொன்றை அங்கே கட்டி வைத்திருந்தாலும் முள் அதே இடத்தில் சந்தோஷமாக நின்றிருக்கும், ஓர் அலையும் வெளியேறியிராது. என்னுடைய 52 ஓமில் 16 ஓம் பொத்தேரி மண்ணுக்குச் சொந்தமானது. முள் அழகாக நின்றதற்கு அந்த நஷ்டமே காரணம்.

மறு வருஷம் ஒரு நண்பரின் வற்புறுத்தலால் மேலும் எட்டுக் கம்பிகளைச் சேர்த்தபோது அடித்தடை 46 ஆயிற்று. இன்னும் ஏழு சேர்த்து மொத்தம் பத்தொன்பது ஆனபோது 42. எஸ்.டபிள்யூ.ஆர். முள் ஒன்றுக்கு மேலே சிறிது ஏறிவிட்டது. முந்தைய நானாக இருந்தால் கலங்கி, சேர்த்த கம்பிகளைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் 50 வாட்டில் சுமார் 43 வாட் இப்போது அலையாகிறது. முதல் நாளைக்கு இரட்டிப்புக்குச் சற்றே குறைவு. மீட்டர் சற்றுக் கெட்டபோது ஏரியல் நன்றாயிற்று என்பதை என் கண்ணால் கண்ட அந்தச் சாயங்காலம், இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு மிகவும் பிரியமான சாயங்காலங்களில் ஒன்று.

இவ்விஷயத்தை முதன்முதலில் முறையாக அளந்து உலகுக்குச் சொன்னவர்கள் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூவர். 3 மெகாஹெர்ட்ஸில் செங்குத்துக் கம்பத்தை நிறுத்தி, இரண்டு, பதினைந்து, முப்பது, அறுபது, நூற்றுப் பதின்மூன்று என்று புதைகம்பிகளின் தொகையை மாற்றி மாற்றி அளந்து, 1937இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மத்திய அலை வானொலி நிலையங்கள் 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அந்த ஆராய்ச்சியை ஒட்டி நிலைபெற்றது. சென்னை வானொலி என்று நாம் கேட்டு வளர்ந்த 720 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 104 மீட்டர். அந்த நீளத்தில் 120 கம்பிகள் என்றால் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் செம்பு மண்ணுக்குள் போகும். நிலையங்களுக்கு அது தகும். நம் போன்றவர்கள் 120 என்ற எண்ணைக் கேட்டு மனம் தளர்ந்து ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் நடக்கிறது. உண்மையில் முதல் பத்துப் பதினாறு கம்பிகளே பெரும்பலனைத் தந்துவிடும்; அதற்குமேல் சேர்க்கச் சேர்க்க லாபம் குறைந்துகொண்டே போகும்.

நமக்குக் கம்பி எதில் கிடைக்கிறது? கடையில் வீட்டு ஒயர் 90 மீட்டர் சுருளாக விற்கிறார்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எனாமல் கம்பியை எடைக்கு வாங்கலாம். சுருள் ஒன்றுதான் உண்டு என்றால் அதைப் பத்து மீட்டராக ஒன்பது துண்டு போடுவதா, ஆறு மீட்டராகப் பதினைந்து துண்டு போடுவதா? பத்து மீட்டர் கால் அலைநீளம் ஆயிற்றே என்று ஒன்பதை நாடத் தோன்றும். பதினைந்தே மேல். அடிக்கம்பத்தின் அருகேதான் மின்சாரம் நெருங்கி ஓடுகிறது. அங்கே கம்பிகள் அடர்ந்திருக்க வேண்டும். மேலும், தரையில் கிடக்கும் கம்பியின் மின்நீளத்தை மண்ணே மாற்றிவிடுவதால், ஆகாசத்தில் கணக்கிட்ட கால் அலைநீளத்துக்கு அங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை. விரிந்த நுனிகளுக்கு இடையே அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் இரண்டு மீட்டர், இடைவெளி இருக்குமாறு வெட்டினால் கையிலுள்ள செம்புக்குக் கிட்டத்தட்ட முழுப் பலன் கிடைத்துவிடும் என்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் அளவு. பள்ளம் தோண்டவும் வேண்டியதில்லை. கட்டுக்கம்பியைக் கொண்டை ஊசிபோல் வளைத்துத் தரையோடு குத்திவிட்டால், ஒரு மழைக்காலத்துக்குள் புல் மூடிக்கொள்ளும்.

என் நிலத்தில் தோண்ட நினைத்தாலும் முடியாது. மேலே செம்மண், அதன்கீழ் சரளை. கடப்பாரை இரண்டடியில் நின்றுவிடுகிறது. பல்லாவரம் முதலாகச் செங்கற்பட்டு வரை குன்றுகளாகத் தலைகாட்டும் கருநிறக் கல்லுக்கு, கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல்லும் இவ்வினத்தது என்பதால், தாமஸ் ஹாலண்டு என்ற புவியியலாளர் 1893இல் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பெயர் பெற்ற கல்தான். மின்சாரத்துக்கு மட்டும் வழிவிடாத கல். காய்ந்த சரளையும் பாறையும் ஏரியல் வைப்பவனுக்கு மிகக் கடினமான பூமி. இத்தகைய மண்ணில் ஒவ்வொரு கம்பியும் தரும் பலன் நன்செய் நிலத்தில் தருவதைவிட அதிகம் என்பதையும் சொல்லவேண்டும்.

தரையே இல்லாதவர்களுக்கும் வழியிருக்கிறது. பொத்தேரியில் இப்போது அடுக்குமாடி வீடுகளே அதிகம்; மொட்டை மாடி ஒன்றே அவர்களுடைய நிலம். அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர் (ஹாம்) ரூடி செவர்ன்ஸ் 7 மெகாஹெர்ட்ஸில் பொறுமையாகச் செய்த அளவீடுகளை 2009 முதல் கட்டுரைகளாக வெளியிட்டார். தரைக்கு மேலே ஒரு மீட்டர் அளவு உயர்த்திக் கட்டிய நாலே கம்பிகள், தரையில் கிடக்கும் பல பத்துக் கம்பிகளுக்குச் சமமாக வேலை செய்வதை அவர் காட்டியிருக்கிறார். மண்ணைத் தொடாமலேயே மின்சாரம் திரும்பி வந்துவிடுவதுதான் காரணம். ஆனால் உயர்த்திய கம்பி விஷயத்தில் நீளம் சரியாக இருக்க வேண்டும். நாலும் சமச்சீராக இருக்க வேண்டும். கேபிளின் மேலுறை ஐந்தாவது கம்பியாகிவிடாதபடி ஃபெரைட் வளையத்தில் சுற்றிய சோக் ஒன்று அடியில் வேண்டும். கம்பியின் நுனியில் உயர்ந்த மின்னழுத்தம் நிற்கும் என்பதால், மாடியில் துணி உலர்த்த வருகிறவர்களுக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் எட்டாத உயரத்தில் அதைக் கட்டுவது நம் கடமை.

இவ்வூர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த எஸ்.ஆர்.எம்.சாட் என்ற சிறு செயற்கைக்கோளை 2011 அக்டோபர் 12ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. ஏற்றிச்சென்றது. தலைக்கு மேலே பார்த்துப் பேசுகிற அவர்களுக்குக் காலடி மண்ணைப் பற்றி விசாரம் இல்லை; அடிவானத்தை நோக்கிப் பேச விரும்புகிற எங்களுக்கே அது தீராத விசாரம்.

ஏரியல் குட்டையாகக் குட்டையாக இந்த விசாரம் வளரும். இடமில்லையென்று ஆறு மீட்டர்க் கழியில் காயில் சுற்றி 80 மீட்டர் அலைக்கு ஏரியல் அமைப்பவருக்கு, சக்தி அலையாக வெளியேறுவதைக் காட்டும் அலைத்தடை இரண்டு ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பூமியின் தடை 20 ஓமாக இருந்தால் பத்தில் ஒரு பங்குகூட வெளியேறாது. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பிரம்மாண்டமான உதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணம் என்ற ஊரில், கட்டபொம்மனின் பெயரால் 1990இல் தொடங்கப்பட்ட கடற்படை நிலையம், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அங்குள்ள ஸ்தம்பங்கள் 471 மீட்டர் உயரம். ஆயினும் சுமார் 18 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கணக்கில் அந்த மாபெரும் ஸ்தம்பமும் குட்டை ஏரியலே. அலைத்தடை ஓர் ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கும். அத்தகைய இடத்தில் பூமித்தடை அரை ஓம் கூடினாலும் பெரு நஷ்டம். நாம் முருங்கையடியில் படுகிற கவலையை அவர்கள் ஏக்கர் கணக்கான நிலத்தில் படுகிறார்கள்.

பருவம் மாறும்போது என் கருவியின் எண்ணும் மாறுகிறது. ஐப்பசி மழையில் நாலு நாள் நனைந்த பிறகு அடித்தடை சில ஓம் இறங்கும். அக்கினி நட்சத்திரத்தில் பழையபடி ஏறும். நாலு கம்பிகள் மட்டும் இருந்த காலத்தில் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தது. பத்தொன்பது ஆனபின் மிகவும் அடங்கிவிட்டது. மண்ணை நம்பியிருப்பது குறைந்துவிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை. மண்ணில் உப்பைக் கொட்டிப் பார்க்கலாமே என்று கேட்கிறார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். போகிற வழியில் முருங்கையையும் கொன்றுவிடும்.

உப்பு வேண்டுமானால் அது இருக்கிற இடத்துக்கு நாம்தான் போகவேண்டும். வண்டலூர் சாலையில் கேளம்பாக்கம் போய், வெள்ளைக் குவியல்கள் தெரியும் உப்பளங்களைத் தாண்டினால் கோவளம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். முன்கூட்டியே முறைப்படி அனுமதி பெற்று, வருஷத்துக்கு இரண்டொரு முறை அந்தக் கரையில் ஏரியலை நிறுத்துகிறேன். அங்கே எனக்குப் புரிந்த விஷயம், பூமி நஷ்டம் ஒன்றல்ல, இரண்டு என்பது. அடிக்கம்பத்தைச் சுற்றி நேர்வது முதல் நஷ்டம். அது நம் கையில் இருக்கிறது, கம்பியால் தீரும். வெளியேறிய அலை பல அலைநீளங்களுக்கு அப்பால் தரையில் பட்டு மேலெழும்போது நேர்வது இரண்டாவது. தூரத்துக்குப் போகவேண்டிய தாழ்ந்த கோணத்து அலையை, பத்துப் பதினைந்து பாகைக்குக் கீழே, சாதாரண மண் தின்றுவிடுகிறது. அந்தத் தூரத்து நிலம் நம்முடையதல்ல. எத்தனை சுருள் வாங்கினாலும் அங்கே எட்டாது. சமுத்திரம் மட்டுமே அதற்குப் பரிகாரம். நடுத்தர மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.005 சீமன்ஸ், கடல்நீருடையது நான்கு, ஐந்து. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே மின்சாரம் அடங்கிவிடும் அந்த நீர், உலோகத் தகட்டை விரித்ததுபோல் அடிவானம் வரை கிடக்கிறது.

ஆனால் கரை என்றால் கரையேதான். சவுக்குத் தோப்பருகே காய்ந்த மணலில் நிறுத்திப் பார்த்தால் பொத்தேரியைவிட மோசமாயிருக்கும். உலர்ந்த மணல் பாறைக்கு அண்ணன். அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈர மணலில், நீரின் விளிம்பை ஒட்டி நிறுத்தி, நாலு கம்பிகளை அந்த ஈரத்தில் கிடத்தினால், அதே 50 வாட்டில் வடகிழக்கே ஜப்பானும் தென்கிழக்கே ஆஸ்திரேலியாவும் பக்கத்து வீட்டுக்காரரைப்போல் பதில் சொல்கின்றன. உப்புக்காற்றில் ஜி.ஐ. கம்பி ஒரு பருவம் தாங்காது. செம்பில் களிம்பு ஏறும். செம்பும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொள்ளும் மூட்டு முதலில் கெடும். ஸ்டெயின்லஸ் ஸ்டீல் திருகாணி போட்டு, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன்.

அந்தக் கரையில் நின்று கிழக்கே பார்க்கும்போது 2004 டிசம்பர் 26 ஞாபகத்துக்கு வராமல் இராது. இதே கரையைச் சுனாமி அலை விழுங்கிய அந்த நாளில், அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும், மற்றத் தொடர்புகள் அறுந்திருந்த வேளையில் அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள். ஆபத்துக் காலத்தில் பேட்டரியில் ஓடும் பெட்டியிலிருந்து வருகிற ஒவ்வொரு வாட்டும் யாரோ ஒருவருடைய உறவினரைப் பற்றிய சேதியாக இருக்கக்கூடும். அதில் பாதியை மண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஆகையால் அந்த மாதங்களில் பொழுது சாயுமுன்பே கடையைக் கட்டிவிடுவேன். கம்பிகளைச் சுருட்டி, குத்திய ஊசிகளை எண்ணி எடுப்பேன். சென்ற மாசியில் பன்னிரண்டு குத்தினேன். பதினொன்றே கைக்கு வந்தது. படகைக் கரையேற்றிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "என்னண்ணே, மோதிரமா தொலஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெறும் கட்டுக்கம்பிதான், யார் காலிலாவது ஏறிவிடும் என்றேன். அவரும் குனிந்து என்னோடு தேடினார். வெளிச்சம் அடங்குவதற்குச் சற்று முன்பு, நீரின் விளிம்பில், ஈர மணலுக்குள் அரை விரல் ஆழத்தில், அவர் காலடியிலேயே அது கிடைத்தது.